தாளோடு சுருங்கும் கோல்

அளவுப்பட்டை என்பது வரைபடத்தின் அடியில், கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் மாற்றிப் போட்டிருக்கும் சின்னப் பட்டை. அதன் மேல் 0, 10, 20, 50 மீட்டர் என்று எண்கள் இருக்கும். பள்ளிக்கூடத்துப் புவியியல் பாடத்தில் இதற்குக் கோட்டளவை என்று பெயர். வரைபடத்தின் அளவையைச் சொல்ல மூன்று வழிகள் உண்டு என்று அந்தப் பாடம் சொல்லும்: '1 செ.மீ. = 10 மீ.' என்று எழுதுவது சொல்லளவை; 1:1000 என்று போடுவது பிரதிபின்னம்; மூன்றாவது இந்தப் பட்டை. மூன்றும் ஒன்றையே சொல்வதுபோலத் தோன்றும். படம் ஜெராக்ஸ் கடைக்குப் போய்த் திரும்பியதும் இந்தப் பட்டை ஒன்றுதான் உண்மை பேசும். மற்ற இரண்டும் பொய்யாகிவிட்டிருக்கும்.

காரணம் எளிது. 1:1000 என்ற எழுத்து தாளைப் பற்றிய வாக்குறுதி. தாளில் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் தரையில் ஒரு மீட்டர் என்று அது சொல்கிறது. தாளைச் சுருக்கினால் கோடுகள் சுருங்கும். '1:1000' என்ற எழுத்து சிறிதாகுமே தவிர அதன் பொருள் மாறாது. பட்டையோ கோடுகளோடு சேர்ந்தே சுருங்கும், சேர்ந்தே நீளும். ஆகவே எந்த உருவத்தில் கைக்கு வந்தாலும், படத்திலுள்ள தூரத்தை அதே படத்திலுள்ள பட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தஞ்சாவூர் வயலை வைத்துக் கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். இந்தப் பக்கத்தில் நிலத்தைப் பத்திரத்தில் ஏக்கர், சென்ட் என்றோ ஹெக்டேர் என்றோ எழுதினாலும், வாய்ப்பேச்சில் இன்றும் மா, வேலிதான். 12 அடிக்கு 12 அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு மா சதுரமாக அமைந்தால் பக்கத்துக்கு 120 அடி, அதாவது 36.6 மீட்டர், பரப்பு 33 சென்ட். 1:1000 அளவையில் அது தாளில் 36.6 மில்லிமீட்டர் சதுரம். ஏ3 தாளில் இருக்கும் இந்தப் படத்தை ஏ4 தாளுக்குச் சுருக்கி நகல் எடுத்தால் பக்கம் 25.9 மில்லிமீட்டராகிவிடும். படத்தில் எழுதியிருக்கும் 1:1000ஐ நம்பி ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 33 சென்ட் நிலம் பதினாறரை சென்ட்! இவ்வளவு பெரிய பிழையை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்ணில் படாமல் நழுவும் பிழைதான் ஆபத்து. பிரிண்டரில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வு தானாகவே விழுந்திருந்தால் படம் நூற்றுக்கு 96 பங்காகச் சுருங்கி வரலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. பக்கம் 35.1 மில்லிமீட்டர் காட்டும்; பரப்பு முப்பதரை சென்ட் ஆகும். காணாமல்போன இரண்டரைச் சொச்சம் சென்ட் ஆயிரத்து நூறு சதுர அடிக்கும் மேல். கும்பகோணத்துக்குள் அந்த இடத்தில் ஒரு வீடே கட்டிவிடலாம்.

அதே தாளில் 50 மீட்டர் பட்டை ஒன்று போட்டிருந்தால் அதுவும் 50 மில்லிமீட்டரிலிருந்து 48 மில்லிமீட்டராகச் சுருங்கியிருக்கும். 48க்கு 50 என்றால் 35.1க்கு எவ்வளவு என்று பார்த்தால் விடை மறுபடியும் 36.6தான்.

படத்துக்குள்ளேயே கோலை வைத்துவிடும் இந்த வழக்கம் மிகப் பழையது. தென் மெசபடோமியாவில் லகாஷ் நாட்டை ஆண்ட குடேயாவின் சிலைகளில் ஒன்று பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 4,100 ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தச் சிலையில் அரசன் உட்கார்ந்திருக்கிறான். மடியில் ஒரு பலகை. பலகையில் ஒரு கட்டடத்தின் தரைப்படம். கூடவே கோடு கிழித்த ஓர் அளவுகோலும் செதுக்கப்பட்டிருக்கிறது. கட்டட வரைபடமும் அளவுகோலும் ஒரே பரப்பில் சேர்ந்து கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று.

தமிழ்நாட்டில் கோல் கோயில் சுவரில் இருந்தது. சோழர் காலத்தில் நிலம் அளந்த கோல்கள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. பதினாறு சாண் கோல், பதினெட்டுச் சாண் கோல் என்று கல்வெட்டுகளில் பெயர்கள் வரும். எந்தக் கோலால் அளந்தது என்ற தகராறு எழாமலிருக்க, பல ஊர்க் கோயில்களின் சுவரிலோ அடித்தளத்திலோ கோலின் நீளத்தைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். இரண்டு முனைக் குறிகள், நடுவே ஒரு கோடு, சில இடங்களில் இன்ன கோல் என்று ஒரு வரி. மூங்கில் கோல் தேயும், உடையும், ஆள் மாற்றியும் கொண்டுவரலாம். கல்லில் வெட்டியது ஊர் நடுவே எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருக்கும். இன்றைய வரைபடத்தின் மூலையில் இருக்கும் பட்டை செய்யும் வேலையும் அதுவே.

கணினித் திரையில் பட்டை போடும் முறைக்கு வருவதற்கு முன், எங்கே அது தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு புலப்படம் உண்டு, எப்.எம்.பி. என்றால்தான் பலருக்கும் புரியும். தேசியத் தகவலியல் மையத்தின் 'கொலாப்லேண்ட்' மென்பொருளைக் கொண்டு இவை கணினிமயமாக்கப்பட்டன; அரசின் இணையச் சேவைத் தளத்திலிருந்து இவற்றை இறக்கிக்கொள்ளலாம். புலப்படத்தில் ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் எண்ணாகவே எழுதியிருக்கும். நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்த கோடுகளும் அவற்றின் நீளங்களோடு இருக்கும். எழுதிய அளவு இருக்கும்போது ஸ்கேல் வைத்து அளப்பது கூடாது. எழுதிய எண்ணே செல்லும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். எல்லைத் தகராறு என்றால் எழுதிய எண்ணும் நில அளவரின் சங்கிலியும் எல்லைக்கல்லும்தான் பேச வேண்டும். எழுதப்படாத தூரங்களுக்குத்தான் பட்டை: வரப்பிலிருந்து போர்வெல் எவ்வளவு தள்ளி இருக்கிறது, மடையிலிருந்து களம் வரை குழாய் எத்தனை மீட்டர் வேண்டும், மின்கம்பம் வயலின் எந்தப் பங்கில் நிற்கிறது என்பன போன்றவை.

இனி வரைவாளரின் மேசை. முதலில் முடிவு செய்ய வேண்டியது பட்டையின் நீளம். எண் உருண்டையாக இருக்க வேண்டும்: 1, 2, 5, அல்லது இவற்றின் பத்து மடங்கு, நூறு மடங்கு. தாளில் நாலு முதல் எட்டு சென்டிமீட்டர் வரை இருந்தால் நல்லது. அதைவிடக் குட்டையானால் அளப்பதில் பிசகு கூடும், நீண்டால் படத்தை அமுக்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று ஏறத்தாழ 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். 1:1000 அளவையில் அது 24 சென்டிமீட்டருக்கு 12 சென்டிமீட்டர். குறுக்குவாட்டு ஏ4 தாளில் அடங்கிவிடும். அதற்கு 50 மீட்டர் பட்டை போதும். 1:500 ஆக்கினால் படம் 48 சென்டிமீட்டராகும். ஏ3 தாளையும் தாண்டி ஏ2 வேண்டும். அப்போதும் அதே 50 மீட்டர் பட்டை தாளில் 10 சென்டிமீட்டராக நிற்கும். 20 மீட்டருக்குக் குறைத்தால் 4 சென்டிமீட்டர். 36.6 மீட்டருக்கு ஒரு பட்டை போட்டால் ஒரு மா சரியாக அடங்கும் என்று யாருக்காவது ஆசை வரலாம், வேண்டாம். அதற்குப் பதிலாக மீட்டர் பட்டைக்குக் கீழே அடிக் கணக்கில் இன்னொரு பட்டை போட்டு, 12 அடிக்கு ஒரு கட்டம் என்று பத்துக் கட்டம் வரைந்தால், குழிக்கோல் பத்துக் கோலும் கண்ணெதிரே நிற்கும். விவசாயி கையில் போய்ச் சேரும் படத்துக்கு இது உண்மையாகவே உதவும்.

கட்டங்களைப் பிரிப்பதில் பழைய வரைவாளர்கள் ஒரு நுட்பம் வைத்திருந்தார்கள். பூச்சியம் இடது ஓரத்தில் இருக்காது. அதற்கும் இடதுபுறமாக ஒரு கட்டம் கூடுதலாக இருக்கும். அது மட்டும் நுண்ணிய பிரிவுகளாக வகுக்கப்பட்டிருக்கும். 50 மீட்டர் பட்டையில் பூச்சியத்துக்கு வலப்பக்கம் பத்துப் பத்து மீட்டராகக் கட்டம், இடப்பக்கம் ஒரு பத்து மீட்டரை இரண்டிரண்டு மீட்டராக வகுத்த கட்டம். படத்தில் உள்ள தூரத்தை ஒரு காகிதத் துண்டின் ஓரத்தில் இரண்டு புள்ளிகளாகக் குறித்துக்கொண்டு, வலப்புள்ளியை ஒரு முழு எண்ணில் வைத்தால், இடப்புள்ளி நுண்பிரிவுக்குள் வந்து விழும். வலப்புள்ளி 30, இடப்புள்ளி 6 என்றால் தூரம் 36 மீட்டர். திரையில் சுட்டியை வைத்தாலே தூரம் தெரிந்துவிடும் காலத்தில் இந்த வழக்கம் மறைந்துகொண்டிருக்கிறது. அச்சிட்ட தாளோடு வயலில் நிற்பவருக்கு இது போனது நஷ்டம்தான்.

கணினியில் வரைவது சுலபம். 10 அலகு நீளமும் 2 அலகு உயரமும் உள்ள செவ்வகம் ஒன்று, அதை ஐந்து தடவை பக்கத்தில் பக்கத்தில் நகலெடுத்து, ஒன்றுவிட்டு ஒன்றுக்கு ஹேட்ச் என்ற கறுப்பு நிரப்பு, மேலே எண்கள், கடைசி எண்ணோடு 'மீ.' என்ற எழுத்து. எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக, அதாவது பிளாக் ஆக்கி, பிடிப்புப் புள்ளியைப் பூச்சியக் கோட்டில் வைத்துவிட்டால் அடுத்த படத்துக்கும் உதவும். ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருள் 1982 டிசம்பரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது முதல் இன்றுவரை பெரும்பாலான வரைவாளர்கள் தங்கள் பட்டையை இப்படித்தான் தாங்களே செய்து பத்திரப்படுத்திக்கொள்கிறார்கள். கறுப்பு ஹேட்ச் இரண்டு நிமிட வேலை. சிக்கல் எல்லாம் அலகில்தான்.

கணினி வரைவு மென்பொருளுக்கு மீட்டரும் அடியும் தெரியாது. அதற்குத் தெரிந்தது 'ஒரு அலகு' மட்டும். அந்த அலகு மீட்டரா மில்லிமீட்டரா என்பது வரைபவர் மனத்தில் இருப்பது. கட்டடப் படம் வரைபவர்கள் மில்லிமீட்டரில் வரைவார்கள். நிலப்படம் வரைபவர்கள் மீட்டரில். கட்டட வரைவாளர் செய்த 50 மீட்டர் பட்டை உண்மையில் 50,000 அலகு நீளம். அலகு என்ன என்று கோப்பில் குறிப்பிடாமல் அதை எடுத்து நிலப்படத்தில் செருகினால், அது 50,000 மீட்டர் பட்டையாக, தஞ்சாவூரில் தொடங்கி மன்னார்குடியையும் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். இதுவாவது வேடிக்கை, உடனே தெரிந்துவிடும். அடியில் வரைந்ததை மீட்டர் என்று எடுத்துக்கொள்வதும் பழைய படத்து லிங்க்கை அடி என்று எடுத்துக்கொள்வதும் சீக்கிரம் தெரிய வராது.

லிங்க் என்பது தனிக் கதை. பழைய புலப்படங்கள் கண்டர் சங்கிலியால் அளந்தவை. 66 அடிச் சங்கிலி, அதில் 100 கண்ணி. ஒரு கண்ணி 7.92 அங்குலம். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். சென்ட் என்ற சொல்லே ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு என்ற கணக்கில் வந்தது. 120 அடிப் பக்கம் அந்தப் படத்தில் 182 என்று எழுதியிருக்கும். அதை அடி என்று நினைத்து வரைந்து, அடியிலேயே ஒரு பட்டையும் போட்டுவிட்டால், படமும் பட்டையும் ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்தும்; இரண்டும் சேர்ந்து தரையோடு பொருந்தாது. ஒரு மா 76 சென்டாக வீங்கியிருக்கும். பட்டை படத்துக்கு மட்டுமே சாட்சி. அளவை தப்பாக இருந்தால் பட்டையும் அதே தப்பைத்தான் சொல்லும்.

அளவை என்ற வேலை எவ்வளவு பாடு என்பதற்குப் பெரிய கோயிலே ஒரு சாட்சி. வில்லியம் லாம்ப்டன் 1802இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றை அளந்து இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். மலைகள் இருந்த இடத்தில் மலை உச்சியில் தியோடலைட்டை வைத்து அளந்தார்கள். காவிரிப் படுகையில் மலை ஏது? கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் தென்னையும்தான். கோபுரங்களும் விமானங்களுமே உயரம். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து அதன் வட்டத்தைத் தன் கையாலேயே மெல்ல மெல்லச் சீர்செய்து, மறுபடியும் அளக்கப் போனார்.

பட்டையை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. தவறு அதிகம் நடக்கும் இடமும் இதுதான். வரைவு மென்பொருளில் இரண்டு உலகங்கள் உண்டு. ஒன்று மாடல்: அங்கே வயல் அதன் உண்மையான அளவில், 36.6 மீட்டர் 36.6 அலகாக இருக்கும். இன்னொன்று லேஅவுட்: அது அச்சுக்குப் போகும் தாள், மில்லிமீட்டர் கணக்கு. தாளில் வெட்டிய ஜன்னல்போல வியூபோர்ட் ஒன்று இருக்கும். அதன் வழியே மாடல் தெரியும். ஜன்னலுக்குள் எவ்வளவு சிறிதாகத் தெரிய வேண்டும் என்பதே அளவை.

பட்டையை மாடலில், வயலுக்குப் பக்கத்திலேயே, உண்மையான 50 மீட்டராக வரைந்துவிட்டால் கவலையே இல்லை. ஜன்னலின் அளவையை எப்படி மாற்றினாலும் வயலும் பட்டையும் ஒன்றாகவே சிறுக்கும், ஒன்றாகவே பெருக்கும். குறை என்னவென்றால், படத்தை வடக்கு மேலே வரும்படி ஜன்னலுக்குள் திருப்பினால் பட்டையும் சாய்ந்து நிற்கும். ஒரே மாடலை இரண்டு அளவையில் காட்டினால் ஒன்றில் பட்டை பொடியாகவும் மற்றதில் பூதமாகவும் தெரியும். அதனால் பலர் பட்டையைத் தாளில், தலைப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். பார்வைக்கு நேர்த்தி. ஆனால் அதன் நீளத்தைக் கணக்குப் பார்த்து வைக்க வேண்டும்: 1:1000க்கு 50 மீட்டர் 50 மில்லிமீட்டர், 1:500க்கு 100 மில்லிமீட்டர். ஜன்னலுக்குள் சுட்டியின் சக்கரத்தைத் தெரியாமல் ஒரு சுற்றுச் சுற்றினாலும் அளவை மாறும். தாளில் இருக்கும் பட்டை அசையாது. பட்டை வைத்த கையோடு வியூபோர்ட்டைப் பூட்டிவிடுவது ஒரு கிளிக் வேலை. அந்த ஒரு கிளிக்கைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

இங்கே இன்னொரு குழி. மாடல் மீட்டரில், தாள் மில்லிமீட்டரில் என்றால், 1:1000 அளவையில் ஓர் அலகு தாளில் ஒரு மில்லிமீட்டர். ஆகவே மென்பொருளின் பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டியது 1:1. 1:500 வேண்டுமென்றால் 2:1. புதியவர்கள் பட்டியலில் 1:1000ஐப் பார்த்ததும் சந்தோஷமாக அதை அழுத்துவார்கள். பக்கத்துக்கு 164 மீட்டர் உள்ள ஒரு வேலி நிலம் தாளில் கால் மில்லிமீட்டர்கூட இல்லாமல் முற்றுப்புள்ளியைவிடச் சிறிதாகிவிடும். படம் தொலைந்துபோனது என்று கோப்பை மறுபடி மறுபடி திறந்து பார்ப்பவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

'அனோடேட்டிவ்' என்ற வசதியும் பட்டைக்கு எதிரி. எழுத்துக்காக வந்தது அது: அளவை எதுவானாலும் தாளில் எழுத்து இரண்டரை மில்லிமீட்டர் உயரமாகவே தெரியும்படி மென்பொருள் தானே சரிசெய்துகொள்ளும். பட்டையையும் அப்படி ஆக்கிவிட்டால், அளவை மாறினாலும் தாளில் பட்டை அதே நீளம் நிற்கும். மேலே எழுதிய '50 மீ.' பொய்யாகும். வரைபடத்தில் அளவை மாறும்போது மாறியே தீர வேண்டிய பொருள் ஒன்று உண்டென்றால் அது இந்தப் பட்டை. அதன் எண்களுக்கு வேண்டுமானால் அந்த வசதி இருக்கட்டும், கட்டங்களுக்கு வேண்டாம்.

ஒரே தாளில் பல அளவைகள் வருவது சகஜம். மூலையில் ஊர்ப்படம் 1:5000, நடுவில் மனை 1:500, பக்கத்தில் மதகின் விவரம் 1:50. ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டை, அதனதன் படத்துக்கு நேர் கீழே. தாளுக்கு ஒன்று என்று வைத்தால், மதகின் அகலத்தை ஊர்ப்படத்துப் பட்டையால் அளந்துவிட ஆள் இருக்கிறார்கள். வழிகாட்டுவதற்காக மட்டும் கையால் போட்ட படம் என்றால் 'அளவைக்கு அல்ல' என்று எழுதிவிட்டு, பட்டை போடாமலே விடுவதுதான் நேர்மை.

செயற்கைக்கோள் படத்தை அடியில் விரித்து, வரப்பின் மேல் கோடு போட்டுத் தடம் பிடிப்பது இப்போது பரவலாகிவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளில் அளவுப்பட்டை ஒரு பொத்தானை அழுத்தினால் வந்துவிடும். படத்தோடு பிணைந்திருப்பதால் அளவை மாறும்போது தானே மாறும். அந்த வகையில் அது வரைவு மென்பொருளைவிட ஒரு படி மேல். ஆனால் இணைய வரைபடங்கள் பெரும்பாலும் வெப் மெர்கேட்டர் என்ற முறையில் உலகத்தைத் தட்டையாக்கியவை. அந்த முறையில் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக எல்லாம் பெருத்துத் தெரியும். தஞ்சாவூர் இருக்கும் 10.8 பாகை அட்சரேகையில் நீளம் நூற்றுக்கு 1.8 கூடுகிறது, பரப்பு நூற்றுக்கு 3.6. அந்தத் தடத்தை அப்படியே வரைவு மென்பொருளுக்குக் கொண்டுபோய் மீட்டர் என்று கொண்டால், ஒரு வேலி நிலத்தில் 24 சென்ட் சும்மா முளைத்துவிடும். இதற்கு மருந்து, ஏற்றுமதி செய்யும் முன் ஆயத்தொகுதியை யூ.டி.எம். 44 வடக்கு என்ற தொகுதிக்கு மாற்றிக்கொள்வது. தஞ்சாவூர்ப் பகுதியில் அதில் பிசகு 100 மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான். ஆயத்தொகுதி பாகையிலேயே இருந்துவிட்டால் இன்னும் மோசம்: அங்கே ஓர் அலகு என்பது நூறு கிலோமீட்டருக்கும் மேல், அதுவும் கிழக்கு-மேற்கில் ஒரு நீளம், வடக்கு-தெற்கில் இன்னொரு நீளம்.

கணினி காட்டும் தசமங்களையும் நம்பிவிடக் கூடாது. பக்கம் 36.57600000 மீட்டர் என்று எட்டு இலக்கம் காட்டும். வரப்பின் அகலமே ஒன்றரை அடி. இந்த மயக்கமும் தஞ்சாவூருக்குப் புதிதல்ல. முதலாம் ராசராசன் காலத்து நில அளவையைப் பதிவு செய்த பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கு வருகிறது. முந்திரி என்றால் 320இல் ஒன்று, கீழ் என்றால் அதிலும் 320இல் ஒன்று என்று மேலும் மேலும் வகுத்துக்கொண்டே போன கணக்கு அது. இன்றைய வேலியில் அந்தப் பங்கு அரைச் சதுர மில்லிமீட்டர். ஓர் அரிசியைக்கூட அதன் மேல் வைக்க முடியாது. கோல் பிடித்தவர் அதை அளந்திருக்க முடியாது. வகுத்தல் கணக்கில் மிஞ்சியதைக் கணக்கர் விடாமல் எழுதிவைத்தார். அளவுப்பட்டையில் இந்த ஆட்டத்துக்கு இடமில்லை. 1:1000 தாளில் கண்ணால் கால் மில்லிமீட்டருக்குக் கீழே பார்ப்பது கடினம். ஆகவே கால் மீட்டருக்குக் கீழே பட்டை எதையும் சொல்லாது.

பட்டை ஒன்று போதாத இடமும் உண்டு. அது இந்தப் படுகையின் வாய்க்கால்கள். மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1934இல் வந்த கல்லணைக் கால்வாய் போன்ற நீண்ட கால்வாயின் நெடுக்குவெட்டுப் படத்தை எடுத்துக்கொள்ளலாம். தரை அவ்வளவு சமம். 5,000க்கு 1 என்ற சரிவில் பத்துக் கிலோமீட்டர் போனால் இறக்கம் இரண்டு மீட்டர்தான். 1:10,000 அளவையில் வரைந்தால் கால்வாய் தாளில் ஒரு மீட்டர் நீளும், இறக்கமோ 0.2 மில்லிமீட்டர், பேனாக் கோட்டின் தடிமன். படத்தைப் பார்ப்பவருக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே தெரியாது. அதனால் பொறியாளர்கள் நீளத்துக்கு 1:10,000, உயரத்துக்கு 1:100 என்று இரட்டை அளவை வைப்பார்கள். வரைவு மென்பொருளில் உயரங்களை 100ஆல் பெருக்கி வரைவது வழக்கம். அப்போது இறக்கம் 20 மில்லிமீட்டராகத் தெரியும். கால்வாய் அருவிபோல் விழுவதாகவும் தோன்றும். இந்தப் படத்தில் படுக்கையாக ஒரு பட்டை, நிமிர்ந்து ஒரு பட்டை, இரண்டும் அவசியம். சாய்ந்த கோட்டை இந்த இரண்டில் எதை வைத்தும் அளக்க முடியாது என்பதையும் பக்கத்தில் எழுதிவைப்பது நல்லது.

சாதாரணத் தரைப்படத்திலும் சிலர் இரண்டு பட்டைகளை 'ட' வடிவில் செங்குத்தாகச் சேர்த்துப் போடுவார்கள். பழைய தாள்கள் ஈரத்தில் இழுத்தும் சுருங்கியும் நீளவாட்டில் ஒரு மாதிரியும் அகலவாட்டில் ஒரு மாதிரியும் ஆகிவிடும். ஸ்கேனரில் தாள் நழுவினாலும் அப்படியே. இரண்டு பட்டையும் ஒத்துப்போகவில்லை என்றால் தாள் கோணிவிட்டது என்று தெரிந்துவிடும். கைபேசியில் சாய்வாகப் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய புகைப்படத்தில் பட்டை இருந்தும் பயன் குறைவு. பட்டைக்குப் பக்கத்தில் உள்ள வயல் ஓர் அளவிலும், தாளின் மறு ஓரத்தில் உள்ள வயல் வேறு அளவிலும் இருக்கும்.

கடைசி வேலை அச்சுக்குப் பிறகு. பி.டி.எப். கோப்பை அச்சிடும்போது 'உண்மை அளவு' அல்லது 100 சதவீதம் என்பதைத் தேர்ந்தெடுத்து, வெளியே வந்த தாளில் பட்டையின் மேல் எஃகு ஸ்கேலை வைத்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் ஸ்கேலின் முனை தேய்ந்திருக்கும். பூச்சியத்தை விட்டுப் பத்திலிருந்து அளப்பது பழைய ஆட்களின் வழக்கம். 50 மீட்டர் பட்டை 50 மில்லிமீட்டர் இருந்தால் எழுதிய அளவையும் சரி. 48 இருந்தால் பட்டை சரி, எழுத்து தப்பு. மறுபடி அச்சிட வேண்டும், அல்லது 1:1000 என்பதை அடித்துவிட வேண்டும். இந்தத் தொல்லைக்காகவே கவனமான அலுவலகங்களில் வெறும் 1:1000 என்று எழுதமாட்டார்கள். 'ஏ3 தாளில் 1:1000' என்று எழுதி, அதற்கு நேர் கீழே பட்டையைப் போடுவார்கள்.